இறந்தவர்களிடம் விசாரித்த சம்பந்தம்

என் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி நான் உயிரோடிருக்கும் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. எப்போதோ செத்து மண்ணாகிப்போன நோர்வேக்காரரிடம் போய் விசாரித்தேன். இதைச் சொன்னால் சனம் சிரிக்கும். சிரிக்கட்டும். எனக்கிருந்த பயம் அவர்களுக்கு இருந்திருந்தால் அவர்களும் போயிருப்பார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கலியாணத்துக்கு முன் விசாரிப்பது ஒரு தனி வேலை. மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குத் தெரியாமல் அவர்களுடைய ஊருக்கு ஒரு ஆள் போவார். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சாட்டில் ஒரு கடையில் நிற்பார், சோடா வாங்கிக் குடிப்பார், கதை கொடுப்பார். என்ன ஆக்கள், காணி பூமி எப்படி, பெடியன் குடிப்பானோ, எல்லாம் கேட்பார். கடைசியாகக் குரலைத் தணித்து, குடும்பத்தில் ஏதும் வருத்தம் இருக்கிறதோ என்று கேட்பார். விசர், வலிப்பு, பெருவியாதி. மற்றவை கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் பேசிச் சமாளிக்கலாம். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சரியில்லை என்றால் அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். பிறகு அந்தச் சம்பந்தத்தைப் பற்றி வீட்டில் பேச்சே இருக்காது.

மகள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்து, தான் ஒரு நோர்வேப் பெடியனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். நாங்கள் ஒஸ்லோ நகரத்து ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். என் கணவர் பஸ் ஓட்டினார், நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தேன். பெடியனை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வந்தாள். நெடுத்த பெடியன். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக அடுக்கிவைத்தான். இடியப்பத்தையும் சொதியையும் கையால் சாப்பிட்டு, மூக்கு வடிய வடிய இன்னும் கேட்டான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஸ்டோவ்னரில் இருக்கும் என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, மறுநாளே தொலைபேசி எடுத்தார்.

"நீர் விசாரிச்சனீரோ?"

"ஆரிட்டை மச்சாள் விசாரிக்கிறது?"

"அதெனக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் எண்டாப்போலை கண்ணை மூடிக்கொண்டு குடுக்கிறதே? அவங்களுக்கு மட்டும் வருத்தம் துன்பம் இல்லையே? நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்டெண்டா ஆர் பதில் சொல்லுறது?"

மச்சாள் கேட்டதை அப்படியே கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உமக்கென்ன விசரே? அவன்ரை ஊரிலை போய் எந்தக் கடையிலை நிண்டு கேக்கப்போறீர்?"

அவர் சொன்னதும் சரிதான். இந்த நாட்டில் பக்கத்து வீட்டுக்காரனிடம் வணக்கம் சொன்னாலே அவன் பயந்துபோய்க் கதவைச் சாத்துகிறான். யாரிடம் கேட்பது?

எங்கள் சமையலறையில் ஒரு நோர்வேக்காரி என்னோடு வேலை செய்தாள். ஓய்வு பெறுகிற வயது. வேலையில்லாத நாட்களில் தன் பரம்பரையைத் தேடித் திரிவதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே தன் பூட்டன், ஓட்டனைப் பற்றியெல்லாம் நேற்றுப் பார்த்தது போலக் கதை சொல்லுவாள். ஒருநாள் அவளிடம் கேட்டேன். உங்கள் நாட்டில் ஒரு குடும்பத்தைப் பற்றி அறிய வேண்டுமென்றால் எங்கே போவீர்கள்?

"தேவாலயப் பதிவேடுகளுக்கு" என்றாள். யார் பிறந்தது, யார் யாரைக் கட்டியது, யார் எதனால் செத்தது, எல்லாவற்றையும் அந்தந்த ஊர்ப் பாதிரியார் எழுதிவைத்திருப்பாராம். அவற்றைப் படம் பிடித்து ஒஸ்லோவில் ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்களாம். எதனால் செத்தது என்று அவள் சொன்னதும் என் காது நிமிர்ந்தது. எங்கள் ஆள் நாலு கடையில் நின்று கேட்க வேண்டியதை இங்கே ஒரு பாதிரியாரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

யாருடைய குடும்பம் என்று கேட்டாள். மகள் கட்டப்போகிற பெடியனுடையது என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் கலியாணப் பரிசாக மாப்பிள்ளைக்கு வம்ச வரைபடம் செய்யப்போகிறேன் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். இதைவிட அழகான பரிசைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றாள். நான் தலையை ஆட்டிவைத்தேன். உண்மையைச் சொல்ல எனக்குத் தெரிந்த நோர்வே மொழி போதாது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காப்பகம் நகரத்தின் மறு கோடியில், சுரங்க ரயிலின் கடைசி நிறுத்தத்தில், காட்டோரமாக இருந்தது. உள்ளே நுழைந்தோம். வாசிப்பறை முழுக்க நரைத்த தலைகள். கறுத்த தலை என்னுடையது மட்டுந்தான். நீ யார், எங்கள் பாட்டன்மாரிடம் உனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? ஒருவரும் கேட்கவில்லை. என்னோடு வந்த சமையலறைத் தோழி பிலிம் சுருளை ஒரு இயந்திரத்தில் மாட்டினாள், பிடியைச் சுற்றினாள். திரையில் மண்புழு ஊர்ந்தது போன்ற எழுத்து ஓடத் தொடங்கியது.

எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அவள் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். பெடியனின் தகப்பன் வழி, மேற்குக் கரையில், கடல் உள்ளே நுழைந்த ஒரு கழிக்கரை ஊர். அவர்களுடைய குடும்பப் பெயரே காணியின் பெயர்தானாம். எங்கள் ஊரிலும் ஒவ்வொரு காணிக்கும் உறுதிப் பத்திரத்தில் ஒரு பெயர் உண்டு. எனக்கு மூச்சு வந்தது. பிறகு ஒரு பெண்பிள்ளை, தகப்பன் பெயர் எழுதாமல். அதையும் விழுங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் பாதிரியார் இருந்து எழுதியிருந்தால் எத்தனை வெளிவந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று பின்னேரமே மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்து, காணிக்காரர் என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன்.

அடுத்த முறை போனபோது மரணப் பதிவுகள். கடல் கொண்டுபோன ஆண்கள், பிள்ளைப்பேற்றில் செத்த பெண்கள், இருமல், காய்ச்சல். தோழி எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசித்துக்கொண்டு போனாள். ஒரு இடத்தில் எனக்குத் தெரியாத ஒரு சொல் வந்தது. அவள் நிற்காமல் கடந்துபோனாள். நான் நிறுத்தி, அது என்ன வருத்தம் என்று கேட்டேன்.

"அதுவா? அந்தக் காலத்தில் மேற்குக் கரையில் நிறையப் பேருக்கு இருந்தது. தோல் மரத்துப்போகும். விரல்கள் மழுங்கும், முகம் குலைந்துபோகும். பேர்கன் நகரத்தில் இதற்கென்றே ஆஸ்பத்திரிகள் இருந்தன. பாவம், அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்."

எனக்கு விளங்கிவிட்டது. பெருவியாதி, குஷ்டம். திரையின் விளிம்பில் வைத்திருந்த என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதனால் செத்தது பெடியனுடைய தகப்பனின் அப்பம்மாவைப் பெற்ற தாய். ஒரு பக்கம் தள்ளி, அந்தத் தாயின் தமையன். அவருக்கும் அதே சொல். ஒரு வீட்டில் இரண்டு பேர். தோழி அடுத்த சுருளை மாட்ட எழுந்தாள். எனக்குத் தலை இடிக்கிறது, போதும் என்றேன். பொய்யில்லை, இடித்தது.

ஊரில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், அப்படி ஒரு வீடு இருந்தது. தகப்பனை மட்டக்களப்புப் பக்கம் ஒரு தீவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் மூன்று பெண்கள், மூன்று பேரும் நல்ல வடிவு. ஒருவரையும் ஒருவரும் கேட்டு வரவில்லை. பள்ளிக்கூடம் போகும்போது அந்தப் படலையைக் கடக்கையில் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். இப்போது என் மகள் அந்த மாதிரி ஒரு வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே நுழையப்போகிறாள்.

கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது. அதற்குப் பதிலாகப் பெடியனைக் கவனிக்கத் தொடங்கினேன். எங்கள் ஊரில் வெள்ளைத் தேமல் மாதிரித் தோலில் படும், அந்த இடம் உணர்ச்சியில்லாமல் இருக்கும் என்பார்கள். உடம்பு முழுக்க வெள்ளையாக இருக்கிறவனில் வெள்ளைத் தேமலை எங்கே தேடுவது? புருவம் உதிரும் என்பார்கள். அவனுக்குப் புருவம் இருக்கிறதே வெயிலில் பார்த்தால்தான் தெரியும். ஒருநாள் தேத்தண்ணியைக் கொதிக்கக் கொதிக்கப் பிடியில்லாத எவர்சில்வர் பேணியில் ஊற்றிக் கொடுத்தேன். அவன் துள்ளி, பேணியை மேசையில் போட்டுவிட்டு விரலை உதறினான். மகள் என்னை முறைத்தாள். எனக்கு அன்று இரண்டு வாய் சோறு கூடுதலாக இறங்கியது.

ஆனால் அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. இவனுக்கு இல்லாவிட்டால் இவனுக்குப் பிறக்கிற பிள்ளைக்கு வராது என்று என்ன நிச்சயம்? கடைசியில் மகளிடம் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்தேன். வேலை முடிந்து வருகிறவளை ரயில் நிலையத்தில் போய்க் காத்திருந்து பிடித்தேன். பனி கரைந்து சேறாகக் கிடந்த பாதையில் இருவரும் வீட்டுக்கு நடந்தோம்.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லுவன். கோவிக்கக் கூடாது. இந்தக் கலியாணம் எங்களுக்கு வேண்டாம்."

அவள் நின்றாள். கோபிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இனி அப்பிடிச் சொல்லாதேங்கோ. எனக்குப் பிள்ளை வரப்போகுது. உங்களுக்குத்தான் முதல்லை சொல்லுறன். அப்பாவுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்."

வயிற்றில் பிள்ளையோடு நிற்பவளிடம் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? அவளுடைய கழுத்துத் துணியைச் சரிசெய்துவிட்டு, "குளிருக்கை நில்லாதை, நட" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் குடும்ப வைத்தியரிடம் போய், ஊரில் ஒரு சிநேகிதிக்கு என்று சொல்லிக் கேட்டேன். அந்த வைத்தியப் பெண் பொறுமையாகச் சொன்னாள். அது பரம்பரை வருத்தம் அல்ல. கிருமியால் வருவது, லேசில் தொற்றாது, இப்போது குளிசை மருந்து இருக்கிறது, முழுதாகச் சுகமாகும். நோர்வேயில் அது எப்போதோ ஒழிந்துவிட்டது. எல்லாம் விளங்கியது. தலை கேட்டுக்கொண்டது, மனம் கேட்கவில்லை. மகள் அல்ட்ராசவுண்ட் படத்தைக் கொண்டுவந்து காட்டினால் எல்லோரும் முகம் யார் மாதிரி என்று பார்ப்பார்கள். நான் விரல்களை எண்ணுவேன்.

கலியாணம் நடந்தது. ஒரு மண்டபத்தில் தாலி கட்டி, மச்சாள் முன்வரிசையில் இருந்து எல்லாவற்றையும் மேற்பார்வை செய்து, குறைவில்லாமல் நடந்தது. அங்கேதான் சம்பந்தியை முதன்முதலாகப் பார்த்தேன். பெடியனின் தகப்பன், மனைவியை இழந்தவர், மேற்குக் கரையிலிருந்து தனியே வந்திருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் உள்ளங்கையில் ஏதோ சரியில்லாமல் பட்டது. குனிந்து பார்த்தேன். வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நின்றன.

மீன் தொழிற்சாலை இயந்திரத்தில் போனது என்று மாப்பிள்ளை சொன்னான். வெட்டுப்பட்ட விரலும் மழுங்கிய விரலும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நான் நேரே கழிவறைக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கைகழுவினேன். பட்டுச்சேலைக் கரை நனைந்துபோனது. திரும்பி வந்தபோது சமையலறைத் தோழி தன் பரிசைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வம்ச வரைபடம், கண்ணாடி போட்டு, எங்கள் இருவர் பெயராலும். சம்பந்தி அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, என் ஆட்களை என் சொந்தப் பிள்ளைகள்கூடத் தேடியதில்லை, நீங்கள் தேடியிருக்கிறீர்கள் என்றார். கண் கலங்கியிருந்தது. மறுபடி கையை நீட்டினார். நான் கும்பிட்டேன். எங்கள் வழக்கம் என்று நினைத்திருப்பார்.

பேரன் பிறந்தான். சுகப்பிரசவம், பத்து விரலும் பத்து விரலாக இருந்தன. மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு போய்த் தங்கினேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயச் சரக்கு அரைத்துக் கொடுத்தேன், பிள்ளையைக் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டுகிற சாட்டில் முதுகு, தொடை, காதுமடல் எல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை. நாளைக்கும் பார்ப்பேன்.

ஒரு வாரத்தில் சம்பந்தி வந்தார். நாள் முழுக்க ரயிலில் இருந்து வந்தவர், கோட்டைக்கூடக் கழற்றாமல் பிள்ளை எங்கே என்று கேட்டார். மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்தான். மகள் சோபாவில் சாய்ந்திருந்தாள். நான் கோப்பி போடச் சமையலறைக்குள் போனேன். தட்டோடு திரும்பி வரும்போது அவர் தொட்டிலில் இருந்து பிள்ளையைத் தூக்கி விட்டிருந்தார். அந்தப் பாதி விரல்கள் பேரனின் உச்சந்தலையைத் தாங்கிக்கொண்டிருந்தன.

தட்டை எங்கே வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு எட்டில் போய்ப் பிள்ளையை அவர் கையிலிருந்து பறித்தேன். வாங்கினேன் என்று எழுதலாம். பறித்தேன் என்பதுதான் உண்மை. பிள்ளை வீரிட்டது. நான் அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டடி பின்னால் போய், சுவரோடு ஒட்டி நின்றேன்.

அவர் கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. பிறகு மெல்லக் கீழே இறக்கினார்.

"தேவாலயப் பதிவேட்டில் அவளைப் பார்த்திருக்கிறீர்கள்" என்றார். கோபமில்லை. "வரைபடத்தில் அவள் எதனால் செத்தாள் என்று போடவில்லை. எங்கள் மரியாதைக்காக விட்டிருக்கிறீர்கள் என்றுதான் நான் நினைத்தேன்."

அவர் மேற்குக் கரைப் பேச்சில், எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"என் அப்பம்மா அவளுடைய மகள். பால்குடிப் பிள்ளையாக இருந்தபோது தாயின் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வளர்ந்த பிறகு ஒருதரம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்களாம். தாய் கிட்ட வரவில்லையாம். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாளாம், தெரியாமல் தொட்டுவிடுவேனோ என்ற பயத்தில். அப்பம்மா சாகும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பயம் தன் தாய்க்கு இல்லாமல் இருந்திருக்கலாம் என்று."

அவரும் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். வேண்டுமென்று செய்தாரோ, தன்னை அறியாமல் செய்தாரோ, எனக்குத் தெரியாது. தலையை மட்டும் முன்னால் நீட்டிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

என் பயம் அந்த இடத்தில் கரைந்துபோனது என்று எழுத ஆசைதான். கரையவில்லை. ஆனாலும் பிள்ளையை அவரிடம் நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பரவாயில்லை. நீங்களே வைத்திருங்கள். எனக்குப் பார்த்தால் போதும்."

விசாரித்தது பிழை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். பெண்ணைப் பெற்றவள் விசாரிக்காமல் வேறு யார் விசாரிப்பது? ஆனால் எங்கள் ஊர் ஆள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த பிறகு அந்த வீடுகளில் என்ன நடந்தது என்று ஒருவரும் போய்க் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மகள் சோபாவிலிருந்து எழுந்தாள். தையல் வலியில் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவர் சொன்னது முழுவதும் அவளுக்குக் கேட்டிருந்தது. அந்தக் கொதித்த தேத்தண்ணி, ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியில் நான் சொன்னது, ஒவ்வொரு நாளும் நான் பிள்ளையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது, எல்லாம் அவளுக்கு இப்போது ஒன்றாகப் பொருந்திக்கொண்டிருந்ததை நான் அவள் முகத்தில் பார்த்தேன்.

"தாங்கோ அம்மா" என்றாள்.

நான் கொடுக்குமுன்னரே என் கைகளுக்குள் தன் கைகளை விட்டுப் பிள்ளையை எடுத்துக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் அவரிடம் போய், அவர் கைகளை முன்னால் வரச்செய்து, பிள்ளையை அவற்றில் கிடத்தினாள். பேரன் அழுகையை நிறுத்தினான். அவர் பிள்ளையோடு ஜன்னலோரம் போய் நின்று, அவனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மகள் அவர் பக்கத்திலேயே நின்றாள்.

நான் சோபாவில் உட்கார்ந்தேன். கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. இனி இவள் அந்தப் பிள்ளையை என் கையில் தருவாளோ, தரமாட்டாளோ என்ற பயத்தில், கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.